ஐயாவின் கத்திக்குப் புது உறை: பழைய உறையை என்ன செய்வது?

1. பள்ளத்தூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லோரும் ஊரில் கூடினோம். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த உள்ளறையைத் திறந்து சாமான்களை ஒதுக்கும்போது, இரும்புப் பெட்டியின் அடியில் என் ஐயாவின் கத்தி கிடைத்தது. ஐயா என்றால் அப்பச்சியை, அதாவது என் தந்தையைப் பெற்றவர். பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போய், 1942இல் ஜப்பான் படை வந்தபோது எல்லையூரான தாமு வழியாக மணிப்பூர் வரை நடந்தே வந்து ஊர் சேர்ந்தவர். வழியில் மூங்கில் வெட்டவும் முள் ஒதுக்கவும் உடன் இருந்தது இந்தக் கத்திதான் என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அலகு ஆறரை அங்குலம். பிடி எருமைக் கொம்பு. பிடியும் அலகும் சேரும் இடத்தில் பித்தளைப் பூண். தோலுறைக்குள் நாற்பது ஆண்டுகளாவது அப்படியே கிடந்திருக்கிறது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. தையல் நூல் இற்றுப்போயிருந்ததால் ஒரு பக்கத்தைப் பிரித்துத்தான் எடுத்தேன். அலகின் ஒரு முகம் ஓரளவு நன்றாக இருக்கிறது. தோல் அழுந்திக் கிடந்த மறு முகத்தில் அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாகச் செந்துரு. உறையின் வாய்ப்பக்கம் இருந்த இடத்தில் கருநீலக் கறை. பூணைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. உறையைத் தொட்டால் விரலில் செங்கல்பொடிபோல ஒட்டுகிறது.

பழைய உறையைக் குப்பையில் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று தைத்துக்கொள்ளச் சொல்கிறான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தோல் வாங்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், கத்தியைப் பளபளப்பாக்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. துருத்தி

முதலில் ஒன்று. தயவுசெய்து சாணைக்கல்லில் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் ஊர் திருப்பாச்சேத்தி, மூன்று தலைமுறையாகப் பட்டறை. பழைய கத்தியைச் சாணை பிடிக்கிறேன் என்று மெஷினில் வைத்து, அலகு நீலம் பாய்ந்து தோய்ச்சல் (உலையில் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம்) போன நிலையில் எங்களிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. சூடேறித் தோய்ச்சல் போனால் அந்த இடம் வெறும் தகரம். கூர் நிற்காது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் பிடியைக் கழற்றி மறுபடி உலையில் வைக்க வேண்டும். அதன்பின் அது உங்கள் ஐயாவின் கத்தி அல்ல.

தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு செப்புத் துண்டு ஒன்றின் விளிம்பால் செந்துருவை மட்டும் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். செம்பு எஃகைவிட மென்மையானது, கீறல் விழாது. கறுப்பாகப் படிந்திருப்பதைத் தொடாதீர்கள். அது கெடுதல் செய்யாது, அலகுக்கு ஒரு போர்வைபோல இருக்கும். குழி விழுந்தது விழுந்ததுதான். அதைச் சமமாக்க முனைந்தால் அலகு பாதியாகத் தேய்ந்துவிடும்.

நல்லெண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு தூசியைச் சேர்க்கும்.

3. சிங்கப்பூர்த் தம்பி

அண்ணன் குறிப்பிட்ட தம்பி நான்தான். பழையதை மதிக்காதவன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த உறைதான் கத்தியைத் தின்றிருக்கிறது. நோய் தந்த பொருளை எதற்குப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டும்? நல்ல தோலில் அழகாக ஓர் உறை தைத்து, கத்தியை அதில் போட்டு, நான் வரும்போது இங்கே எடுத்து வந்து முகப்பில் வைக்கலாம் என்பது என் ஆசை. நான் கையில் எடுத்துப் பழகிய ஐயாவின் பொருள் இது ஒன்றுதான்.

4. முனீஸ்வரன் கோயில் தெரு

காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். வீடு இடிக்கிறார்கள் என்றால் எங்களுக்குச் செய்தி வரும். பர்மாவிலிருந்து வந்த 'டா' வாள்கள், மலாயாவிலிருந்து வந்த கிரிஸ் குத்துவாள், ஷெஃபீல்டு ரோட்ஜர்ஸ் பேனாக்கத்தி, மடக்கெழுத்தாணி, பாக்குவெட்டி எல்லாம் கையில் வந்து போயிருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை உறையை இழந்துதான் வரும். உறையில் வெள்ளிப் பூண் இருந்தால் அதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, மரத்தையும் தோலையும் அடுப்பில் வைத்துவிடுவார்கள். வெறும் வாளைப் பார்த்து இது எந்த ஊர், எப்படி அணிந்தார்கள், இடுப்பிலா தோளிலா என்று சொல்வது கடினம். உறை இருந்தால் கயிறு தேய்த்த தடம் சொல்லிவிடும்.

விற்பவனாகவும் சொல்கிறேன். சொந்த உறையோடு இருக்கும் கத்திக்கும் உறை இல்லாத கத்திக்கும் விலை ஒன்றல்ல. உறை எவ்வளவு சிதைந்திருந்தாலும் சரி. விலை உங்களுக்கு வேண்டாம் என்றால்கூட, எறிய வேண்டாம்.

5. ஆம்பூர் தோல்

புது உறைக்குக் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட தோல் வாங்குங்கள். மென்மையாக இருக்கும், எந்த நிறத்திலும் கிடைக்கும், மழைக்குத் தாங்கும், பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்காது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் நனைந்தால் கறை விழும், காய்ந்தால் விறைக்கும். பழைய உறை பட்டைத் தோலாகத்தான் இருக்கும், அதனால்தான் இவ்வளவு சேதம் என்று நினைக்கிறேன். செருப்பு, பை எல்லாம் இன்று குரோம்தான்.

6. குத்தூசி

ஆம்பூர் அண்ணன் பைக்கும் ஷூவுக்கும் சொல்வது சரி. கத்தியுறைக்கு ஒத்துவராது. மென்மை என்கிறீர்களே, அந்த மென்மைதான் ஆபத்து. குரோம் தோலை நனைத்து வடிவம் பிடித்தால் நிற்காது. கத்தி உள்ளே ஆடும். வளைகிற உறைக்குள் கத்தியைச் செருகும்போது முனை திசைமாறித் தோலைக் குத்தி வெளியே வரும். அங்கே பிடித்திருப்பது நம் இடது கை. என் அப்பாவின் உள்ளங்கையில் அப்படி ஒரு வடு இருந்தது. நான் தொழில் கற்றுக்கொண்டபோது அவர் முதலில் காட்டியது அந்த வடுவைத்தான்.

நான் காரைக்குடியில் செருப்பு, வார், உறை தைக்கிறேன். அப்பா திண்டுக்கல் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் இருந்தவர். பட்டை போட்டுப் பதனிட்ட தோல், மூன்று முதல் மூன்றரை மில்லிமீட்டர் கனம், எருமை அல்லது மாடு. உறைக்கு அதுதான் தோல். தண்ணீர் பட்டால் மாவுபோல இணங்கும், காய்ந்தால் பிடித்த வடிவத்தில் பலகைபோல நிற்கும். விறைக்கும் என்று ஆம்பூர் அண்ணன் குறையாகச் சொன்னதைத்தான் நாங்கள் விலை கொடுத்து வாங்குகிறோம்.

பள்ளத்தூர் அண்ணன், பழைய உறையின் தையல் ஓட்டைகள் தெரியும்படி படம் போட முடியுமா?

7. ஆவாரம்பூ

தோல் பதனிடும் வேதியியலில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இரு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. பொறுமையாகச் சொல்கிறேன்.

பட்டைகளிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். அது தோலின் நாரோடு பிணைந்து அழுகாமல் காக்கிறது. நம் நாட்டில் இதற்கு நெடுங்காலம் ஆவாரம்பட்டைதான். முடிவில் நிறம் தெளியக் கடுக்காய்க் கரைசலில் ஒரு முழுக்கு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பகுதிகளில் இப்படிப் பதனிட்டுச் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனதைத்தான் உலகம் கிழக்கிந்தியத் தோல் என்று அழைத்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பிற்காலத்தில் ஆவாரையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது.

இனி அந்தக் கருநீலக் கறை. டானினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கருநீலமாகும். கடுக்காயைத் தட்டி ஊறவைத்த தண்ணீரில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டுப் பாருங்கள், எழுதும் மையே கிடைக்கும். உங்கள் வளவு வீட்டின் சுவரில் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்த அதே கடுக்காய்தான். ஆக அந்தக் கறை இரும்பு டானேட், துருத்தி சொன்னதுபோல அதைத் தொட வேண்டாம்.

குழி விழுந்த செந்துரு வேறு கதை. தோல் ஈரம் உறிஞ்சும் பொருள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து, தை பிறந்த பின்பும் அலகின் மேல் ஈரத் துணிபோலப் போர்த்திக் கிடக்கும். பதனிடும்போது தங்கிய அமிலமும் உப்பும் அந்த ஈரத்தில் கரைந்து எஃகை அரிக்கும். குரோம் தோலிலும் இந்த உப்புகள் தங்கும். அதற்காகவே கத்திக்காரர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். ஆகவே பட்டைத் தோல் தின்றது, குரோம் தோல் தின்னாது என்பதல்ல. எந்தத் தோலாக இருந்தாலும், அதற்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கத்தி துருப்பிடிக்கும். பித்தளையில் வந்த பச்சைக் களிம்பு தோலில் ஏற்றிய எண்ணெயும் கொழுப்பும் செம்போடு சேர்ந்து விளைந்தது.

தம்பிக்கு: உறை குற்றவாளி அல்ல. கத்தியை எடுத்துச் செல்வதற்காகத் தைத்ததை, கத்தி குடியிருக்கும் வீடாக்கியதுதான் கெடுத்தது. புது உறை தைத்து அதில் போட்டு முகப்பில் வைத்தால், உங்கள் பிள்ளைகள் இதே விவாத இழையை மறுபடி தொடங்குவார்கள்.

தொட்டால் செம்பொடி ஒட்டுவது பட்டைத் தோல் முதுமையில் நாரிழந்து உதிர்வது. அது திரும்பாது. விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் தடவிவிடாதீர்கள், சேறாகிவிடும். அமிலமில்லாத காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, அழுத்தம் இல்லாமல் ஒரு பெட்டியில் படுக்க வையுங்கள். கெட்டிப்படுத்த வேண்டுமென்றால் பழம்பொருள் பாதுகாப்பு பயின்றவர் கையால்தான் செய்ய வேண்டும்.

8. மட்டுறுத்துநர்

ஒரு குறிப்பு. வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கு அல்லாத கத்திகளில் அலகு 9 அங்குலத்தைத் தாண்டினாலோ 2 அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தாலோ ஆயுத விதிகள் பொருந்தும். இங்கே பேசும் கத்தி அந்த அளவுக்குள் இருக்கிறது. வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது. ஐயத்துக்கு இடமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையில் காட்டித் தொல்பொருள் அல்ல என்று சான்று பெற்ற பிறகே பயணம். மான் கொம்புப் பிடி போட்ட கத்திகளுக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனி.

9. பள்ளத்தூர்வாசி

படங்கள் இணைத்திருக்கிறேன். துருத்தி சொன்னபடி எண்ணெயும் பழைய செப்புக் காசுமாக இரண்டு மாலை உட்கார்ந்தேன். செந்துரு நீங்கியது. குழிகளுக்கு இடையே, முதுகை ஒட்டி, சிறு சிறு பள்ளமாக வரிசையாக ஒரு தடம் தெரிகிறது.

10. துருத்தி

அது சம்மட்டி பட்ட தடம். கையால் அடித்த கத்தி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மெஷினில் கொடுத்திருந்தால் முதலில் போயிருப்பது அதுதான்.

11. குத்தூசி

அண்ணன், உறையின் படத்தை நேற்று இரவு பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். இரட்டை ஊசித் தையல். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வோர் ஓட்டையிலும் இரண்டும் எதிரெதிராகக் கடந்து போவது. மெஷின் தையலில் ஓரிடம் அறுந்தால் உருவிக்கொண்டு போகும். இதில் அறுந்த இடத்தோடு நிற்கும். நூல் இற்ற பிறகும் உறை இத்தனை நாள் வடிவம் கலையாமல் இருந்தது அதனால்தான்.

இன்னொன்று. குத்தூசி பட்ட ஓட்டை வட்டமாக இருக்காது, சாய்ந்த வைரமாக இருக்கும். நான் குத்தினால் அது ஒரு பக்கம் சாயும், என் அப்பா குத்தினாலும் அதே பக்கம். இந்த உறையில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அடி முதல் நுனி வரை ஒன்றுகூடத் தவறாமல். தைத்தவர் இடக்கைக்காரர் என்று எனக்குத் தோன்றுகிறது. இடைவெளியை அளந்தேன், எல்லாம் ஒரே அளவு. நுனியில் மட்டும் மூன்று தையல் நெருக்கமாக விழுந்திருக்கிறது. முனை முட்டும் இடம் என்று தெரிந்து செய்திருக்கிறார்.

கத்தி அடித்தவர் சம்மட்டித் தடத்தை விட்டுப் போயிருக்கிறார். உறை தைத்தவர் விட்டுப் போனது இந்தச் சாய்வு மட்டும்தான். சிங்கப்பூர்த் தம்பி இதைப் படித்துவிட்டு முடிவு சொல்லட்டும்.

12. சிங்கப்பூர்த் தம்பி

படித்தேன். அண்ணன், எறிய வேண்டாம். என் ஐயாவும் இடக்கைக்காரர் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அவரே தைத்தார் என்று சொல்லவில்லை, அவருக்கு ஊசி பிடிக்க வருமா என்பதை அப்பத்தாதான் சொல்லியிருக்க முடியும். ஆனாலும் எறிய வேண்டாம். கத்தியும் பள்ளத்தூரிலேயே இருக்கட்டும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

13. தேவகோட்டை மருமகள்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாமனாரின் பாக்குவெட்டியும் சிறு சூரிக்கத்தியும் தோல் பையில் இருந்தன. ஆவாரம்பூ அம்மா எழுதியதைப் படித்த அன்றே எடுத்துப் பார்த்தேன், கீல் முழுக்கப் பச்சை. புளி போட்டு விளக்கலாமா?

14. ஆவாரம்பூ

புளி வேண்டாம் அம்மா. அதன் அமிலம் கீலுக்குள் இறங்கினால் இரும்பு துருப்பிடிக்கும். மரக்குச்சியால் களிம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். தோல் பையை விட்டு வெளியே, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

15. பள்ளத்தூர்வாசி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். உறை தயாராகிவிட்டது. தனிமடலில் பேசி, குத்தூசியின் பட்டறைக்கே கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் உடன் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் அவர் கத்தியைக் கேட்கவில்லை. என் இடுப்பில் எந்தப் பக்கம் மாட்டுவேன், உட்காரும்போது எங்கே வரும் என்று கேட்டார். மாட்டப் போவதில்லை, ஊருக்குப் போகும்போது தோட்டத்தில் இரண்டு நாள் வைத்துக்கொள்வேன் என்றேன். "அப்படியென்றால் மாட்டுவீர்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் காகிதம் வெட்டினார். கத்தியைக் காகிதத்தில் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி, அதற்கு வெளியே ஒரு விரற்கடை விட்டுக் கோடு. பிடியில் மூன்று விரல் அளவு உறைக்குள் இறங்க வேண்டும் என்றார். கத்தியை விழாமல் பிடிப்பது அந்தப் பிடியின் பருமன்தான், அலகு அல்ல.

தோலை மடித்ததும் நேரே தைத்துவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு மடிப்புக்கும் நடுவே, அலகின் கூர் வரும் பக்கம் முழுக்க, இன்னொரு தோல்வாரைச் சீவி வைத்தார். அலகின் கூர் அந்த இடைவாரில்தான் உராயும், தையல் நூலை எட்டாது. பழைய உறையை எடுத்துக் காட்டினேன். அதில் இடைவார் இல்லை. நூல் இற்றதற்குப் பாதிக் காரணம் அதுதான், ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் நூலைத் தொட்டிருக்கிறது என்றார். இடக்கைக்காரரைக் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. "அவருக்குக் கிடைத்த தோல் அவ்வளவாக இருந்திருக்கும்" என்றார்.

தையலுக்கு முன் விளிம்பில் மெல்லிய பள்ளம் இழுத்துக்கொண்டார். நூல் அதில் படுத்துவிடுகிறது, தேயாது. லினன் நூலைத் தேன்மெழுகில் மூன்று முறை இழுத்தார். குத்தூசியால் ஓர் ஓட்டை, இரண்டு ஊசியும் கடக்க, இரு கையையும் விரித்து ஓர் இழுப்பு. ஒவ்வோர் இழுப்புக்கும் தோல் மெல்ல முனகியது. அந்த ஓசை நின்றால் நூல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். நடுவில் யாரோ செருப்பு கேட்டு வந்தார்கள், அவர் தலை நிமிரவில்லை.

தைத்து முடித்ததும் உறையை ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். குமிழி எழுந்துகொண்டே இருந்தது. அது அடங்கியதும் எடுத்தார். கத்திக்கு எண்ணெய் தடவி, சமையலறையில் பயன்படுத்தும் ஒட்டுப் பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகி, வழுவழுப்பான புளியமரக் கட்டையால் பிடியின் ஓரமெல்லாம் அழுத்திக்கொண்டே வந்தார். ஈரத்தோல் கொம்பின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டது. பூணின் விளிம்புகூட வெளியே தெரிகிறது. கத்தியை உருவிவிட்டு, உறையை விசிறிக்கு எதிரே நிழலில் தொங்கவிட்டார். வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் தட்டிப் பார்த்தால் மரப்பலகையைத் தட்டியதுபோல ஓசை. நுனியில் ஊசிக்கண் அளவு ஒரு துளை விட்டிருக்கிறார், தண்ணீர் இறங்க. மேலே தேன்மெழுகு மட்டும். எண்ணெய் ஊற்றினால் மெத்தென்று ஆகி, முனை குத்துமாம்.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்டார். இரண்டு நாள் வேலைக்கு அது குறைவு என்று எனக்குத் தெரியும். கூடுதலாகக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வைக்கச் சிரமப்பட்டேன். உறையில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்றேன். தயங்கினார். பிறகு இடுப்புவார் கண்ணியின் உட்புறம், மாட்டினால் மறைந்துபோகும் இடத்தில், இரண்டு எழுத்தைக் குத்தூசியால் புள்ளிபுள்ளியாகக் குத்திக் கொடுத்தார்.

இப்போது கத்தி பருத்தித் துணியில் சுற்றி மேசை இழுப்பறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இருக்கிறது. புது உறை அதே இழுப்பறையில் தனியாக, வாய் திறந்தபடி. பழைய உறை காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில். மூன்றிலும் எது எதற்குரியது என்று எழுதிக் கட்டியிருக்கிறேன், நாளைக்குப் பங்காளிகள் யாராவது திறந்தால் புரியட்டும் என்று.

துருத்தி, ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஐப்பசிக்கு முன் எண்ணெயைத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டுமா, அல்லது மாதம் ஒரு முறையா?

16. துருத்தி

வீடு பூட்டியிருக்கும் என்றால் எண்ணெயை நம்பாதீர்கள், கீழே இறங்கிவிடும். மெழுகு போடுங்கள். புரட்டாசிக் கடைசியில் ஒன்று, தை பிறந்ததும் திறந்து பார்த்து ஒன்று. பங்காளி வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

17. பள்ளத்தூர்வாசி

சாவி என்னிடம்தான் இருக்கிறது. புரட்டாசியில் வருகிறேன், படம் போடுகிறேன்.